அழுமூஞ்சிக்கு ஓர் உறை

அழுமூஞ்சி என்று அதற்குப் பெயர் வைத்தது என் அக்கா மகன். அதைச் சோதித்துக் கொடுக்கிற எனக்கு அது நியூட்ரான் பேட்ஜ். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, சட்டையில் மாட்டிக்கொள்ள ஒரு கிளிப். உள்ளே ஒரு சிலிக்கான் சில்லு, அதன்மேல் லித்தியம் பூச்சு. நியூட்ரான் வந்து பூச்சில் மோதினால் ஒரு துணுக்கு தெறித்துச் சில்லில் விழும். சில்லு துளி மின்சாரம் கொடுக்கும், பேட்ஜ் அதை எண்ணிக்கொள்ளும். எண்ணிக்கை அளவு மீறினால் கத்தும். கண்ணுக்குத் தெரியாமல், ஈயச் சுவரைக்கூடச் சட்டை செய்யாமல் தாண்டி வருகிற ஒன்றை வேறு எப்படித்தான் கண்டுபிடிப்பது?

ஆனால் அந்தச் சனியன் சும்மாவும் கத்தும். பக்கத்தில் யாராவது வாக்கி டாக்கியில் பேசினால் போதும், அந்த அலையையும் நியூட்ரான் என்று நினைத்துக்கொண்டு வீல் என்று ஆரம்பித்துவிடும். கத்தினால் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவர வேண்டும், பாதுகாப்பு அதிகாரி வந்து பார்த்து, ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் உள்ளே போகலாம். வாக்கி டாக்கியை வாசலில் வைத்துவிட்டுப் போங்கள் என்று நானும் தொண்டை கிழியச் சொன்னேன். மேலே கிரேன் ஓட்டுகிறவனோடு பின்னே எப்படிப் பேசுவது என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். அவர்கள் கேட்டதும் நியாயம்தான். புது மாடல் வாங்கித் தருகிறோம் என்று மேலிடம் சொன்னது. சொல்லிக்கொண்டே இருந்தது.

"உன் அழுமூஞ்சி எங்க உயிரை வாங்குது சித்தி," என்பான் என் அக்கா மகன். "ஒரு போல்ட்டைக் கழட்ட விடமாட்டேங்குது. இதுக்குப் பால் புட்டி ஏதாவது இருக்கா?"

"உனக்கு ஒண்ணு ஆகிடக் கூடாதுன்னுதான்டா அது அழுது," என்பேன் நான்.

"அப்போ அதுவும் எங்கம்மாவும் ஒரே கட்சி."

வீட்டில் அவனுக்குக் கொசு என்று பெயர். சின்ன வயதில் நோஞ்சானாக இருப்பான், காதுக்குள் வந்து ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பான். வளர்ந்து ஆறடி ஆன பிறகும் கொசு கொசுதான். அணு உலையின் சுவரில் துளைகள் விட்டிருப்பார்கள், ஆராய்ச்சிக்காக நியூட்ரான் கற்றை அந்த வழியாக வெளியே, கற்றைக் கூடத்துக்குள் வரும். வேண்டாதபோது கனமான ஷட்டர் இறங்கித் துளையை மூடிக்கொள்ளும். அந்த ஷட்டர்களையும் அவற்றைச் சுற்றியுள்ள பெட்டிகளையும் பழுது பார்ப்பது அவன் குழுவின் வேலை. அவன் அப்பா, அதாவது என் அத்தான், அதே இடத்தில் பட்டறையில் தகர வேலை செய்கிறவர். மூடி, புனல், குழாய், பெட்டி என்று எதைக் கேட்டாலும் செய்து கொடுப்பார். அந்தக் கைக்கு அப்படி ஒரு நேர்த்தி. என்னை அளவுக்காரி என்றுதான் கூப்பிடுவார். வீட்டில் காபிக்குச் சர்க்கரை போடும்போதுகூட, "அளவுக்காரி பார்த்துட்டு இருக்கா, ஒழுங்கா போடு," என்று அக்காவைச் சீண்டுவார்.

ஒரே பிள்ளை. அக்காவுக்கும் அத்தானுக்கும் மட்டும் இல்லை, கல்யாணம் காட்சி என்று எதுவும் பண்ணிக்கொள்ளாத எனக்கும் சேர்த்து ஒரே பிள்ளை. இதை அவனிடம் சொன்னதில்லை. சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வான்.

அன்றைக்கு மத்தியானம் அக்கா போனில் வந்தாள். எடுத்த எடுப்பிலேயே சண்டை.

"உங்க கேன்டீன்ல என்னத்தைடி போடறாங்க? கொசு வேலையிலயே வாந்தி எடுத்திருக்கான். மாத்திரை குடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. வந்ததுல இருந்து குடல் வெளிய வர்ற மாதிரி எடுக்கறான்."

"டாக்டர் என்ன சொன்னாராம்?"

"பேட்ஜைப் பார்த்தாராம். அதுல ஒண்ணுமே இல்லையாம். சாப்பாடு ஒத்துக்கலைன்னுட்டாராம்."

கற்றைக் கூடத்தில் வேலை செய்கிறவருக்கு உடம்புக்கு வந்தால் அவருடைய பேட்ஜ் என் அறைக்கு வந்தாக வேண்டும். அது விதி. போனை வைக்கும்போதே பேட்ஜ் ஒரு காகிதக் கவரில் மேசைக்கு வந்துவிட்டது. பிரித்துப் பார்த்தேன். பேட்ஜுக்கு யாரோ சட்டை தைத்துப் போட்டிருந்தார்கள்.

துணி இல்லை, தகடு. வெள்ளி மாதிரி, அதில் லேசாக ஒரு நீலம். விளிம்பெல்லாம் உள்பக்கமாக மடித்து, விரலில் கீறாதபடி தட்டி, கிளிப்புக்கு மட்டும் ஒரு வழி விட்டு, அளவெடுத்த மாதிரி கச்சிதமாக இருந்தது. யார் கைவேலை என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. மாதாமாதம் சோதனைக்கு வரும்போது இந்தச் சட்டை இருந்ததில்லை. அதிகாரி பார்த்தால் திட்டுவார் என்று கழற்றிவிட்டுக் கொடுத்திருப்பார்கள். வாக்கி டாக்கி அலை உள்ளே புகாமல் இருக்க உலோக உறை. யோசனை என்னவோ சரிதான். எனக்கே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

எங்கள் அறையில் தண்ணீர் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் பெட்டி உண்டு. அதற்குப் பொம்மை என்று பெயர். மனித உடம்புக்குப் பதிலாக அது. நியூட்ரான் உடம்புக்குள் போய், அங்கும் இங்கும் முட்டி, வேகமெல்லாம் போய்ச் சோர்ந்து திரும்பி வரும். பேட்ஜ் முக்கியமாகப் பிடிப்பது அந்தச் சோர்ந்துபோனவற்றைத்தான். அதனால் உடம்பு போல ஒன்று பின்னால் இல்லாமல் அதைச் சோதிக்க முடியாது. உறையோடு பொம்மை மேல் மாட்டி, சோதனைக்கென்று நியூட்ரான் விடும் மூலத்தைத் திறந்தேன். கத்த வேண்டும். கத்தவில்லை. எண் நகரவே இல்லை. பேட்ஜ் செத்துவிட்டது என்று நினைத்து உறையைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டினேன். அறையே அதிரும்படி கத்தியது.

கழற்றிய உறையை விரலால் வளைத்தேன். மெல்ல ஒரு முனகல் கேட்டது. வளைத்தால் முனகுகிற, கத்திரிக்கு மெழுகு மாதிரி வெட்டுப்படுகிற, நீலம் பாய்ந்த வெள்ளைத் தகடு. காட்மியம். சோர்ந்துபோன நியூட்ரான்களை அப்படியே விழுங்கிவிடுகிற உலோகம். வேறு எந்த ஊரில், எந்தத் தொழிலில் தகரக்காரர் கையில் காட்மியம் கிடைக்கும்? கற்றைக் கூடத்தில் பழைய பெட்டிகளின் உள்பக்கம் அதைத்தான் ஒட்டியிருப்பார்கள். பெட்டியைப் பிரித்தபோது மிஞ்சிய துண்டை எடுத்து வந்திருக்கிறான் பிள்ளை, வெட்டிக் கொடுத்திருக்கிறார் அப்பா. அலுமினியத்தில் செய்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. சாதாரணத் தகரத்தில் செய்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

பாதுகாப்பு அதிகாரிக்குப் போன் செய்தேன். "கற்றைக் கூடத்தைப் பூட்டுங்க சார். உள்ள யார் இருந்தாலும் வெளிய கூப்பிடுங்க."

"ஏம்மா? மீட்டர்ல ஒண்ணும் இல்லையே."

"பேட்ஜோட கண்ணைக் கட்டிவிட்டிருக்காங்க சார். சொன்னதைச் செய்ங்க!"

அதிகாரியிடம் அப்படிப் பேசக் கூடாது. பேசினேன். அவரும் பூட்டினார். கொசு காலையிலிருந்து எதிரே உட்கார்ந்து வேலை செய்த ஷட்டர் முழுசாக இறங்காமல் நடுவிலேயே சிக்கிக்கொண்டு நின்றிருந்தது. மூடிவிட்டது என்று காட்டும் பச்சை விளக்கு மட்டும் சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் கான்கிரீட் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தார்கள். கூடத்தின் பொது மீட்டரும் சுவருக்கு இந்தப் பக்கம்தான், அதனால் அதிலும் ஒன்றும் பதியவில்லை.

நான் கையில் கதிர்வீச்சை எண்ணும் ஒரு கவுன்டரை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். கொசு குளியலறை வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், மடியில் ஒரு வாளி. முகமெல்லாம் வெயிலில் அலைந்தவன் மாதிரி சிவந்திருந்தது. அத்தான் அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்ன சித்தி, ஆயுதத்தோட வந்திருக்கே?"

"வாயை மூடிட்டு சொல்றதைச் செய். இதை வயித்துல வெச்சுக் கட்டிப் பிடிச்சுட்டுக் குனி."

முதலில் என் வயிற்றில் வைத்துப் பார்த்தேன். எப்போதாவது ஒரு டிக், அவ்வளவுதான். அது எல்லா இடத்திலும் இருப்பது. பிறகு அவனிடம் கொடுத்தேன். உடம்பு முழுக்க நியூட்ரான் பாய்ந்திருந்தால் இரத்தத்தில் இருக்கும் உப்பே கதிர்வீச ஆரம்பித்துவிடும். பேட்ஜை மூடி வைக்கலாம், உடம்பை மூடி வைக்க முடியாதே. இல்லை என்று இருக்கட்டும், சாப்பாடுதான் என்று இருக்கட்டும், அந்தக் கேன்டீன்காரனுக்கு நானே கோயில் கட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் குனிந்தான். தகரக் கூரைமேல் மழை கொட்டுகிற மாதிரி சத்தம் வந்தது.

கொசு சிரித்தான். "குழந்தை அசையுதா சித்தி?"

என் மனசு பாழாய்ப்போன பழக்கத்தில் கணக்குப் போட்டுவிட்டது. வந்த எண்ணைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன், குறைத்துப் போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் பிழைக்கிற எண் வரவில்லை.

அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடி அறையில் சேர்த்தோம். இரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு நான் கணக்குப் போட்ட அதே எண்ணைச் சொன்னார். உறையைப் பற்றி அதிகாரியிடம் சொன்னேன். அவர் கொசுவின் குழுவில் இன்னும் சிலர் போட்டிருந்த உறைகளை எல்லாம் சத்தமில்லாமல் வாங்கி என் அறையில் பூட்டச் சொன்னார். "கூடம் திறக்கும்போது உறை ஏன் கூடாதுன்னு நோட்டீஸ் போடணும்மா. அதுவரைக்கும் பையனோட அப்பாகிட்ட நீங்க எதுவும் சொல்லாதீங்க. பையனைப் பார்த்துக்கட்டும்," என்றார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் கொடுமை. வாந்தி நின்றுவிட்டது. கொசு எழுந்து உட்கார்ந்து, நர்ஸைக் கிண்டல் செய்து, பசிக்கிறது என்று சொல்லி அக்காவை அழவைத்தான். இந்த நோய் இப்படித்தான் செய்யும். நடுவில் கொஞ்ச நாள் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், எலும்புக்குள் எல்லாம் செத்துக்கொண்டிருக்கும். டாக்டர் அம்மா இதைத் தெளிவாகவே சொன்னார். ஆனால் கண்ணெதிரே பிள்ளை பசிக்கிறது என்கிறபோது எந்தத் தாய் காதில் இது ஏறும்?

அத்தான் என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். முகமெல்லாம் மலர்ச்சி.

"அளவுக்காரி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது. அந்தப் பேட்ஜுக்கு நான் ஒரு உறை செஞ்சு குடுத்திருந்தேன். சட்டையில நெஞ்சு மேல மாட்டியிருந்தான். எனக்கென்னமோ அதுதான் கொஞ்சம் தடுத்திருக்கும்னு தோணுது. இல்லைன்னா இவ்வளவு சீக்கிரம் தேறுவானா?"

அளவைத் தப்பாகச் சொல்கிறவரை நான் விட்டதே இல்லை. மேலதிகாரி என்றாலும் விட மாட்டேன். அன்றைக்கு அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "இருக்கலாம் அத்தான்," என்றேன்.

அந்த வாரம் முடிவதற்குள் காய்ச்சல் வந்தது. வாயெல்லாம் புண், தலைமுடி தலையணையில் கொத்துக் கொத்தாக. தண்ணீர் விழுங்க முடியவில்லை. அக்காவின் எலும்பு மஜ்ஜை பொருந்துமா என்று பார்த்து, ஏற்றியும் பார்த்தார்கள். உடம்பு அதை வாங்கிக்கொள்ளவில்லை. அக்கா கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நாள் முழுக்க நிற்பாள். உட்காருடி என்றால் உட்கார மாட்டாள். "நான் உக்காந்தா அவனுக்கு என்னைத் தெரியாதுடி," என்பாள்.

அத்தான் ஆஸ்பத்திரிக்கு வருவது குறைந்துவிட்டது. வந்தாலும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடுவார். எங்கே போகிறார் இந்த மனுஷன், பிள்ளை இப்படிக் கிடக்கும்போது என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம். கூடத்தை மறுநாள் திறக்கப் போகிறார்கள், நோட்டீஸ் ஒட்டப் போகிறார்கள் என்று அதிகாரி சொன்னார். சுவரில் ஒட்டிய காகிதத்தைப் படித்தா அவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்? அவரைத் தேடிப் பட்டறைக்குப் போனேன்.

அத்தான் தன் மேசையில் குனிந்து உட்கார்ந்திருந்தார். கையில் தகரக் கத்திரி. எதிரே அதே நீலம் பாய்ந்த வெள்ளைத் தகட்டுத் துண்டுகள். ஒரு பக்கம் முடிந்த உறைகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்.

"என்ன அத்தான் இது?"

"வா. நீயே வந்துட்டே, நல்லதாப் போச்சு, அளவு சரியா இருக்கான்னு பாரு." அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. "தப்பு என் மேலதான். முதல்ல செஞ்சப்போ கிளிப்புக்குன்னு ஒரு பக்கம் திறந்து விட்டேன் பாரு, அந்த வழியாத்தான் உள்ள போயிருக்கு. முழுசா மூடியிருக்கணும். சோம்பேறித்தனம். பெத்த பிள்ளைக்குச் செய்யறதுல ஒரு மடிப்பு மிச்சம் பிடிச்சேன். மத்த பசங்களுக்காவது ஒழுங்கா செஞ்சு குடுத்துடலாம்னு உக்காந்துட்டேன். நாளைக்குக் கூடம் திறக்கறாங்களாமே?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. யார் மேல் ஆத்திரம் என்றே தெரியவில்லை. அவர் மேல் எப்படிக் கோபப்படுவது?

"கத்திரியைக் கீழ வைங்க அத்தான்."

"இரு, இந்த ஓரத்தை மட்டும்..."

"வைங்கன்னு சொல்றேன்ல!"

வைத்தார். பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தேன். நியூட்ரான், சில்லு, பூச்சு எல்லாம் விட்டுவிட்டேன். அவருக்குப் புரிகிற மாதிரி நேராகச் சொன்னேன்.

"அந்த பேட்ஜ் எதையும் தடுக்காது. அது சத்தம் போடறதுக்கு மட்டும்தான். இந்தத் தகடு அவன் உடம்புக்கு வந்ததைத் தடுக்கலை. பேட்ஜுக்குப் போக வேண்டியதைத்தான் தடுத்துச்சு. அதனால அது வாயைத் திறக்கலை. வேற எந்தத் தகடா இருந்தாலும் பரவாயில்லை. இது மட்டும்தான் அப்படி. உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வழியே இல்லை. எடுத்துட்டு வந்த அவனுக்கும் தெரியாது."

கீழே வைத்த கத்திரியை அவர் இன்னும் தள்ளி வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"உறை இல்லைன்னா கத்தியிருக்குமா?"

"கத்தியிருக்கும்."

"அவன் உள்ள போன உடனேவா?"

பொய் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. "உடனே," என்றேன்.

"வெளிய ஓடி வந்திருப்பான்."

"வந்திருப்பான் அத்தான். திட்டிக்கிட்டே வந்திருப்பான்."

அவர் ஒரு உறையை எடுத்துத் தன் பெருவிரலால் அமுக்கினார். அது முனகியது. "இதை வெட்டும்போதே சத்தம் வரும். எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு," என்றார். பிறகு ஒவ்வொரு உறையாக எடுத்து மேசை மேல் வைத்து, மடித்த விளிம்புகளை எல்லாம் நகத்தால் நெம்பி நெம்பி விரித்துத் தட்டையாக்கினார். நகம் பிய்ந்து இரத்தம் வந்தது. விடுங்கள் என்று கையைப் பிடித்தேன். அத்தனையும் வெறும் தகடாகும் வரை அவர் விடவில்லை. பிறகுதான் அழுதார். அந்த வயதில் ஒரு ஆண்பிள்ளை அப்படி வாய்விட்டு அழுது நான் பார்த்ததில்லை. பட்டறையில் மற்றவர்கள் மெஷினை நிறுத்திவிட்டு வந்து சுற்றி நின்றார்கள்.

முகம் கழுவிக்கொண்டு, "அவகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார். அக்காவைத்தான்.

"இல்லை."

"நானே சொல்றேன். இப்போ வேணாம். எல்லாம் முடியட்டும்."

எல்லாம் முடியட்டும் என்று அவர் சொன்னபோதுதான், அவரும் இனி நம்பவில்லை என்று எனக்குப் புரிந்தது.

சாயங்காலம் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாஸ்க், தொப்பி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராகத்தான் முன்பு உள்ளே விடுவார்கள். அன்றைக்கு டாக்டர் அம்மா எங்கள் மூன்று பேரையும் சேர்ந்தே போகச் சொன்னார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

கொசு பாதி ஆளாகிவிட்டிருந்தான். உதடு கருத்து வெடித்திருந்தது. எங்களைப் பார்த்ததும் கண் மட்டும் அவன் கண்ணாக மாறியது. அக்கா ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்தாள். பேசாதேடா என்றாள். அவன் எங்கே கேட்டான்?

"அப்பா." காற்று மாதிரிதான் குரல். அத்தான் அவன் பக்கம் குனிந்தார். "பசங்க இன்னும் ரெண்டு பேரு உறை கேட்டிருந்தாங்க. செஞ்சிட்டியா?"

கையுறைக்குள் இரத்தம் கசிந்திருந்த கையால் அத்தான் அவன் பாதத்தைப் பிடித்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் இல்லை.

"செஞ்சிட்டேன்டா கண்ணு."

"நல்ல வேலைப்பா அது." மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கம் கண்ணைத் திருப்பினான். சிரிக்கத்தான் பார்த்தான், உதடு விடவில்லை. "சித்தி, உன் அழுமூஞ்சி இருக்கே... அப்பா உறை போட்டப்புறம் ஒரு தடவைகூடக் கத்தலை."

"ஆமாடா," என்றார் அத்தான். "கத்தலை."